பறக்கும் ரயிலும் படியேறும் கால்களும்

'பறக்கும் ரயில்' என்ற பெயரை நாம் சந்தேகித்ததே இல்லை. தூண்மேல் போகிற மின்சார ரயில், அவ்வளவுதான். ஆனால் 'பறத்தல்' என்ற வினை நுழைந்தவுடனே, கீழே என்ன இருந்தது என்று கேட்கிற வாய் அடைபட்டுப்போகிறது. பெயரும் ஒரு அதிகாரச் சொல்லாடல்தான்.

1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம், 1997இல் மயிலை, 2004இல் திருவான்மியூர், 2007இல் வேளச்சேரி. இந்தப் பாதையை ஒரு பிரதியாக வாசித்தால் முதலில் தட்டுப்படுவது பக்கிங்காம் கால்வாய். பாதையின் பெரும்பகுதியில் தூண்கள் நிற்பது அதன் கரையிலும் நீரிலும்தான். அங்கே நிலம் எடுப்பதில் தொல்லை குறைவு என்பது திட்டக்காரர்களின் கணக்கு. தொல்லை குறைவு என்றால் என்ன? அங்கே இருப்பவர்களிடம் பட்டா இல்லை என்று பொருள். கால்வாய்க் கரைக் குடிசைகளில் இருந்த பலர் 2000த்துக்குப் பிறகு கண்ணகி நகருக்கு லாரியேற்றப்பட்டார்கள். அந்தப் பக்கம் ரயில் பறக்கவில்லை.

தாம்பரத்துக்காரனான எனக்கு வேறொரு ரயில்தான் பழக்கம். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. அதன் மீட்டர் கேஜ் வண்டிகள் 2004 ஜூலை 1 வரை ஓடின. வண்டி மாறியது, தடம் மாறியது, கூட்டம் மட்டும் குறையவில்லை. தாம்பரத்தில் இறங்கினால் நாலு எட்டில் பூக்கடை, டீக்கடை, பஸ். ரயில் தெருவின் நீட்சியாக இருக்கிறது. தெருவே அதைப் பராமரிக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

மேலே போகிற ரயிலுக்கோ 30 வயசுதான், அதற்குள் கிழடு தட்டிவிட்டது. ரயில் ஓடுகிறது, நெரிசல் நேரத்தில் ஆளும் ஏறுகிறார்கள். நான் சொல்வது நிலையங்களை. வாடகை வருமென்று எழுப்பிய மாபெரும் தளங்கள் பல வருஷம் காலியாகவே கிடந்தன. கடைக்காரரை எதிர்பார்த்துக் கட்டிய கட்டடத்தில் பயணி பிறகு வந்த நினைப்பு. ஒரு நிலையத்தில் கீரைக்கூடையோடு ஏறிக்கொண்டிருந்த ஆத்தா மூச்சுவாங்க நின்று என்னிடம் சொன்னார்: "பறக்குற ரயிலாம்பா, படியெல்லாம் நாமதான் ஏறணும்."

உயரத்தையே குற்றம் சொல்வதா என்று நண்பர்கள் மடக்கலாம். நியாயந்தான். அந்தரத்துப் போக்குவரத்தெல்லாம் ஒரே ஜாதியில்லை. கொலம்பியாவின் மெடெல்லினில் 2004இல் கம்பிவண்டி போனது மலைச்சரிவு ஏழைகளின் குடியிருப்புக்கு. ஜார்ஜியாவின் சியாத்தூராவில் 1954இல் மாங்கனீசு சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கம்பிவண்டி விட்டார்கள். சோவியத் உடைந்த பிறகும் அதே துருப்பிடித்த தொட்டிகளில் ஜனங்கள் வருஷக்கணக்காகத் தொங்கிக்கொண்டு போனார்கள். புது வண்டிகள் 2021இல்தான் வந்தன. அந்த முதுமை ஆபத்தானது, சந்தேகமில்லை. ஆனாலும் அது உழைத்துத் தேய்ந்த முதுமை. தொழிலாளி வீட்டுக்கும் சுரங்கத்துக்கும் நடுவே போய்வந்து தேய்ந்தது. நம்முடையது உழைக்கிறவன் வாசலுக்குப் போகாமலே மூப்படைந்தது.

தென்புறநகருக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வெறும் 5 கிலோமீட்டர். அதைத் தொட்டால் தாம்பரம் தடத்தோடு சேர்ந்துவிடலாம். 2008இல் வேலை தொடங்கியது. ஆதம்பாக்கம் பக்கம் சுமார் அரைக் கிலோமீட்டர் நிலத்துக்கு வழக்கு வந்தது, வேலை நின்றது. கால்வாய்க் கரையில் இப்படி யாருக்காகவும் எதுவும் நின்றதில்லை. இங்கே பத்து வருஷத்துக்கும் மேலாகத் தூண்கள் இரண்டு பக்கமும் காத்துக்கொண்டிருந்தன. அத்தனை காலமும் நாங்கள் வேளச்சேரியில் இறங்கி, பள்ளிக்கரணை, மேடவாக்கம் வழியாகப் பஸ்ஸில் நின்றுகொண்டே தாம்பரம் வந்து சேர்ந்தோம்.