மணப்பெண் ரவிக்கையும் ஆரி ஊசியும்

தமிழர் நெசவுக்காரர்கள், பூத்தையல் நம் மரபிலேயே கிடையாது, கொக்கி ஊசியால் ரவிக்கையில் பூத்தைக்கும், ஊருக்கு ஊர் பரவிவிட்ட ஆரி வேலை வடக்கிலிருந்து வந்த பகட்டு. கைவினை பற்றி எழுதுவோர் பலர் இப்படித்தான் சொல்லி வருகிறார்கள். ஆரி வடக்கிலிருந்து வந்தது உண்மை. மற்றதெல்லாம் அவசரத் தீர்ப்பு.

கூறைநாட்டின் பட்டும் பருத்தியும் கலந்த கட்டம்போட்ட கூறை, பிறகு காஞ்சிபுரத்துக் கோர்வைப் பட்டு. கல்யாணப் புடவையின் இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். தறியிலேயே அழகு முடிந்துவிட்டதால் ஊசிக்கு இங்கே வேலையில்லை என்று முடிவுகட்டியவர்கள் மலைப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நீலகிரித் தோடர் பெண்கள் சட்டம் போடாமல், கோடு வரையாமல், இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகத் தைக்கும் பூத்துக்குளி விசேஷத்துக்கும் போர்வை, இறந்தவர் உடலுக்கும் போர்வை. 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர்கள் நெய்வதில்லை, துணி வெளியிலிருந்து வாங்கியதுதான். அதனால் அந்தத் தையல் அவர்களுடையது இல்லையென்று யாரும் சொல்வதில்லையே! தருமபுரி மாவட்டம் சிட்லிங்கியில் லம்பாடிப் பெண்கள் கைவிட்டுப்போன தங்கள் தையலை ‘போர்கை’ அமைப்பின் வழியே மீட்டது அரிய சாதனை. ஆனால் அது பெரும்பாலும் விற்பனைக்கே போகிறது.

இரவல் வாங்கினாலும் மரபு கெடாது என்பதற்குப் பாலஸ்தீனப் பூத்தையலான ‘தத்ரீஸ்’ இன்னும் தெளிவான சான்று. மணப்பெண் சிறுமியாக இருக்கும்போதே ஊசி பிடித்துத் தன் கல்யாண அங்கியைத் தானே தைப்பாள். நெஞ்சுப் பட்டையைப் பார்த்தே அவள் எந்தப் பக்கத்துக்காரி என்று சொல்லிவிடலாம். அந்தப் பெண்களும் பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் பிரான்சின் டி.எம்.சி. நூலையும், மாதிரிப் புத்தகங்களில் வந்த ஐரோப்பியப் பூக்களையும் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள். 1948-ல் ஊரை இழந்தபின் அகதி முகாம்களில் உட்கார்ந்து தைத்தார்கள். முதல் இன்திபாதா எழுச்சியின்போது தடைசெய்யப்பட்ட பாலஸ்தீனக் கொடியையே அங்கியில் தைத்தார்கள். 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்த மரபு, இரவல் நூலால் துளியும் கெட்டுப்போகவில்லை.

கடலூர் மாவட்டத்து முத்தாண்டிக்குப்பம் போன்ற முந்திரிக்காட்டு ஊர்களின் ஆரிக்காரப் பெண்ணை இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். வெட்டாத ரவிக்கைத் துணியை மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டுகிறாள். ஊசியால் துளையிட்ட டிரேசிங் தாளை அதன்மேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்க்க, கழுத்தும் கையும் புள்ளிகளாகப் படிகின்றன. மேலே வலக்கை கொக்கி ஊசியை இறக்குகிறது. கீழே, கண்ணுக்குத் தெரியாத இடக்கை நூலைச் சுற்றிக் கொடுக்கிறது. சங்கிலி சங்கிலியாகத் தையல் ஓடுகிறது. மணியும் ஜமிக்கியும் கோத்து முடிப்பதற்குள் முதுகு ஒடிந்துவிடும். இந்த உழைப்பைப் பகட்டு என்று ஒதுக்குவது அநியாயம்.

குறை ஊசியில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது. கைப்பேசியில் வந்த அதே மயில், அதே பல்லக்கு, அதே யானை ஊர்வலம். கடலூரில் தைத்ததா, கோவையில் தைத்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பெண்ணுக்குச் சொந்தமாக வரையத் தெரியாமல் இல்லை. மார்கழி வாசலில் அவள் போடும் கோலமே போதும். வரையச் சொல்லிக் கேட்பவர்தான் இல்லை.

உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ரவிக்கை கொடுக்கும்போது படம் காட்டாதீர்கள். முந்திரிப் பூவையோ பலாவையோ அவளையே வரையச் சொல்லுங்கள், அதற்கான கூலியையும் சேர்த்துக் கொடுங்கள்.