கேட்டில் நிற்பவர் முகம் தெரியுமா?

வீட்டுக்கு கேமரா வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது எத்தனை மெகாபிக்சல் என்றுதான். அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு கேட்டருகே நிற்பவரின் முகம் அடையாளம் தெரியுமா? இந்தப் படத்தை என்னையும் வீட்டாரையும் தவிர வேறு யார் பார்க்க முடியும்? டிபி-லிங்க்கின் டாபோ சி200 கேமராவை ஹாலிலும் போர்டிகோவிலும் வைத்துப் பார்த்தபோது இந்த இரண்டையும்தான் சோதித்தேன்.

இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கும் உருண்டையான, சுழலும் கேமரா இது. படம் 1080பி. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அமைப்பது சுலபம். பகலில் படம் தெளிவு, பேச்சும் இரண்டு பக்கமும் கேட்கிறது. வேலைக்குப் போகும் பிள்ளைகள், தனியே இருக்கும் அம்மா மாத்திரை போட்டாரா என்று மதியம் ஒருமுறை எட்டிப் பார்க்க இது தாராளமாகப் போதும்.

இரவு வேறு கதை. பெட்டியில் 30 அடி வரை இரவுப் பார்வை என்று இருக்கிறது. அந்தத் தூரத்தில் ஆள் நடமாட்டம் தெரியும், ஆள் யாரென்று தெரியாது. இதைக் கேமராவின் குறை என்று சொல்ல மாட்டேன், இது வெறும் கணக்கு. அறிமுகமில்லாத ஒருவரின் முகத்தைச் சந்தேகமின்றி அடையாளம் காண, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது சிசிடிவி துறையில் பின்பற்றப்படும் ஐரோப்பியத் தர அளவு. 1080பி படத்தின் அகலம் 1920 பிக்சல். அப்படியானால் படத்துக்குள் அடங்கும் இடத்தின் அகலம் ஏழரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கலாம். 90 டிகிரி விரிவுள்ள லென்ஸில் அது சுமார் 12 அடி தூரத்திலேயே தீர்ந்துவிடும். தெரு முழுக்கத் தெரிகிறது என்று அகன்ற லென்ஸைப் பெருமையாக விற்கிறார்கள். தெரு தெரியும், திருடனின் முகம் தெரியாது.

மாட்டும் உயரத்திலும் பலர் கோட்டை விடுகிறார்கள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டினால் பதிவாவது ஹெல்மெட்டும் உச்சந்தலையும்தான். எட்டடி உயரம், சற்றே கீழ்நோக்கிய சாய்வு, பக்கத்திலேயே வெள்ளைச் சுவர் இல்லாத இடம் வேண்டும். இரவில் கேமரா வீசும் அகச்சிவப்பு ஒளி சுவரில் பட்டுத் திரும்பினால் படத்தை வெளுத்துவிடும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தாலும் இதே கதிதான். போர்டிகோவில் வைக்கும் எந்தக் கேமராவையும் வாரம் ஒருமுறை துடையுங்கள். லென்ஸின் குறுக்கே ஒரே ஒரு சிலந்தி இழை இருந்தாலும் இரவில் அது தாம்புக்கயிறு போலப் பளபளத்து, காற்றில் ஆடும்போதெல்லாம் போனில் அலர்ட் வந்துகொண்டே இருக்கும். நாலு ராத்திரி அப்படி ஆனால் அலர்ட்டையே அணைத்துவிடுவோம். அதன்பின் கேமரா இருந்தும் பயனில்லை.

கரண்ட் கட் ஆனால் கேமராவும் ரூட்டரும் சேர்ந்தே சாகும், ஆகவே இரண்டையும் இன்வெர்ட்டரிலோ மினி யுபிஎஸ்ஸிலோ இணைக்க வேண்டும். யுபிஎஸ் வாங்கும்முன் கேமரா அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், ரூட்டரின் 12 வோல்ட் இதற்குப் பொருந்தும் என்று நம்பிச் செருகாதீர்கள். கேமராவுக்குள் போடும் மெமரி கார்டில் நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் பதிவானால் நாளொன்றுக்கு 11 ஜிபி அளவுக்குச் செலவாகும், 128 ஜிபி கார்டு பதினோரு நாள் தாங்கும். இடைவிடாத பதிவுக்கென்றே விற்கும் ‘ஹை எண்டியூரன்ஸ்’ கார்டையே வாங்குங்கள்.

இனி எனக்கு மிகவும் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். 2016-இல் மிராய் என்ற நிரல், ஆலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்களை சில மணி நேரம் முடக்கியது. 2024 பிப்ரவரியில் வைஸ் என்ற கேமரா நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுக் கேமராப் படங்கள் போய்ச் சேர்ந்தன. 2025-இல் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் பரிசோதனை அறைக் காட்சிகள் வெளியே விற்கப்பட்டது தெரியவந்தது. அந்தப் பெண்களுக்கு நேர்ந்ததை நினைத்தால் மனம் ஆறவில்லை.

நம் ஊரில் இன்னொரு ஓட்டை இருக்கிறது, அதை யாரும் ஓட்டையாகவே நினைப்பதில்லை. கேமரா மாட்ட வருபவர் தன் போனிலேயே ஆப்பைத் திறந்து, தானே பாஸ்வேர்ட் வைத்து, “எல்லாம் வேலை செய்யுது சார்” என்று காட்டிவிட்டுப் போகிறார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் போனில் உங்கள் வீடு இருக்கக் கூடாது. அவர் படியிறங்கியதும் பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஆப்பில் யார் யாருக்குப் பகிரப்பட்டிருக்கிறது என்று பாருங்கள், இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள், வெளியிலிருந்து வருவதற்குத் தானாகவே வழி திறந்துவிடும் யுபிஎன்பி வசதியை ரூட்டரில் அணையுங்கள்.

இந்த வகையில் சி200 எனக்குப் பிடித்திருக்கிறது. இரட்டைச் சரிபார்ப்பு இருக்கிறது. மாதச் சந்தா கட்டாமலே கார்டில் பதியலாம். ஆர்டிஎஸ்பி என்ற நேரலை முறை வழியாக வீட்டு ரெக்கார்டருக்கும் படத்தை அனுப்பலாம், அதற்குத் தனிப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் நாமே உருவாக்கினால்தான் வழி திறக்கும். தொடக்கத்தில் நிறுவனத்தின் கணக்கும் இணையமும் கட்டாயம் என்பது குறைதான். கார்டு கேமராவுக்குள்ளேயே இருப்பதால் கேமராவைத் தூக்கிப் போனால் சாட்சியும் போகும்.

எந்த பிராண்டானாலும், 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது. லேபிளில் உள்ள ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுப் பாருங்கள். எண் இல்லாத மலிவுச் சரக்கை ஆன்லைனில் வாங்க வேண்டாம்.

என் தீர்ப்பு: வீட்டுக்குள் சி200 நல்ல தேர்வு. மழைக்கும் வெயிலுக்குமான கேமரா அல்ல என்பதால் கேட்டுக்கு வேண்டாம். அங்கே குறுகிய கோணமுள்ள, கேபிளில் இணையும் புல்லட் கேமராவும், அலமாரிக்குள் பூட்டி வைத்த ரெக்கார்டரும் கூடுதல் செலவுக்குத் தகுதியானவை. படுக்கையறையில் எந்தக் கேமராவும் வேண்டாம். பழையதை யாருக்காவது கொடுக்கும்போது கார்டை எடுத்துவிட்டு, ரீசெட் செய்து, ஆப்பிலிருந்தும் நீக்கிவிட்டுக் கொடுங்கள்.