எலும்பு, மூட்டு மருத்துவ ஆய்வின் அளவுகோல்களும் கடலூர், சிதம்பரம் வட்டார வாழ்வும்: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கைகால் காயங்களும் மூட்டு நோய்களும் பற்றிய ஆய்வுகள், சிகிச்சையின் பயனை மதிப்பெண்களால் அளக்கின்றன. அம்மதிப்பெண் முறைகளுள் பெரும்பாலானவை மேலை நாட்டு நகர வாழ்வைப் பின்புலமாகக் கொண்டு உருவானவை. தரையில் அமர்ந்தும் குந்தியும் உழைக்கும் கடலூர், சிதம்பரம் வட்டார மக்களின் வாழ்வை அவை எந்த அளவுக்குக் கணக்கில் கொள்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கோயம்புத்தூரில் உருவான கங்கா மருத்துவமனை மதிப்பெண் முறையின் சிறப்பும் வரம்பும் இங்கு மதிப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: எலும்பு மருத்துவம், மூட்டு மாற்று, திறந்த எலும்பு முறிவு, மதிப்பெண் முறை, கடலூர், சிதம்பரம்.

முன்னுரை

1929இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் 1985இல் இராசா முத்தையா மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. இன்று அது கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாக இயங்குகிறது. வீராணம் ஏரிப் பாசனப் பகுதியின் நடவுப் பெண்கள், கிள்ளை, பரங்கிப்பேட்டை, கடலூர் துறைமுகப் பகுதி மீனவர்கள், பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரிக்கொட்டை உடைப்போர், நெடுஞ்சாலை விபத்தில் சிக்குவோர் எனப் பலதரப்பட்டவர்களும் இப்பகுதி மருத்துவமனைகளை நாடி வருகின்றனர். இவர்களுக்குச் செய்யப்படும் சிகிச்சை வெற்றி பெற்றதா என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது? இவ்வினா மருத்துவத்துக்கு மட்டும் உரியதன்று. மொழிக்கும் பண்பாட்டுக்கும் உரியது.

இடுப்பு மூட்டும் ஹாரிஸ் மதிப்பெண்ணும்

அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் வில்லியம் ஹாரிஸ் 1969இல் வெளியிட்ட மதிப்பெண் முறை, இடுப்பு மூட்டு ஆய்வுகளில் இன்றளவும் பரவலாகக் கையாளப்படுகிறது. மொத்தம் 100 மதிப்பெண். வலிக்கு 44, செயல்பாட்டுக்கு 47, உறுப்புக் கோணல் இன்மைக்கு 4, மூட்டு அசைவுக்கு 5 எனப் பகுக்கப்பட்டுள்ளது. 90க்கு மேற்பட்டால் மிகச் சிறப்பு எனவும் 70க்குக் குறைந்தால் தோல்வி எனவும் கொள்வது வழக்கம்.

செயல்பாட்டுக்குரிய 47 மதிப்பெண்ணில் நொண்டல் இன்மைக்கும், ஊன்றுகோல் தேவைப்படாமைக்கும், நடக்கும் தொலைவுக்கும் தலா 11 உண்டு. மீதமுள்ள 14, படியேறுதல் (4), காலுறையும் காலணியும் அணிதல் (4), நாற்காலியில் அமர்தல் (5), பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்துதல் (1) ஆகியவற்றுக்கு உரியது. நடக்கும் தொலைவு அமெரிக்க நகரத் தெருக்கட்டங்களின் எண்ணிக்கையால் கணக்கிடப்படுகிறது.

காட்டுமன்னார்கோயில் பகுதி வேளாண் கூலிப் பெண் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்குப் பின் அவருக்கு வலி இல்லை, நொண்டல் இல்லை, நாற்காலியில் அமர்கிறார், படி ஏறுகிறார். மூட்டு விலகக்கூடும் என்பதால் குந்துவதையும் சம்மணமிடுவதையும் தவிர்க்கும்படி மருத்துவர் பொதுவாக அறிவுறுத்துவார். ஆகவே அவரால் களை எடுக்க இயலாது. தரையில் அமர்ந்து உண்ண இயலாது. குந்தும் கழிப்பறையைப் பயன்படுத்த இயலாது. ஆயினும் வலிக்கு 44, செயல்பாட்டுக்கு 47, கோணல் இன்மைக்கு 4 என, அசைவுக்குரிய மதிப்பெண்ணைச் சேர்க்காமலேயே அவர் 95 பெற்றுவிடுவார். ஆய்வேட்டின் அட்டவணையில் அவர் ‘மிகச் சிறப்பு’ என்னும் நிரலில் இடம்பெறுவார். அவர் இழந்த கூலியோ அந்த அட்டவணையில் எங்கும் இல்லை.

பேருந்தில் ஏறி இறங்குவதற்கு ஒரே ஒரு மதிப்பெண் என்பதும் எண்ணத்தக்கது. சிற்றூர் நோயாளர் மறுபரிசோதனைக்கு வருவதே பேருந்தை நம்பித்தான். ஏற இயலாதவர் வருவதை நிறுத்திவிடுவார். தொடர்கண்காணிப்பிலிருந்து விடுபட்டவராகக் கணக்கிலிருந்தும் நீங்குவார். எனவே வந்தவர்களை மட்டும் கொண்டு கணிக்கப்படும் சராசரி, உண்மை நிலையைவிட உயர்ந்து நிற்க வாய்ப்புண்டு.

முழங்கால் மூட்டும் ‘விளையாட்டு’ம்

முழங்கால் தேய்மானத்துக்குரிய வோமாக் வினாநிரலில் 24 வினாக்கள் உள்ளன. மகிழுந்தில் ஏறி இறங்குதல், காலுறை அணிதல், குளியல் தொட்டிக்குள் இறங்குதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். 1998இல் வெளியான கூஸ் வினாநிரல் 42 வினாக்களைக் கொண்டது. குந்துதலும் மண்டியிடுதலும் அதில் இடம்பெற்றுள்ளன. ஆனால் ஓடுதல், தாவுதல் ஆகியவற்றோடு சேர்த்து ‘விளையாட்டும் பொழுதுபோக்கும்’ என்னும் பிரிவில் வைக்கப்பட்டுள்ளன. அரிவாள்மணைமுன் அமர்ந்து மீன் அரியும் பெண்ணுக்குக் குந்துதல் பொழுதுபோக்கு அன்று, பிழைப்பு. முதியோர் விளையாடுவதில்லை எனக் கருதி அப்பிரிவை விட்டுவிட்டு ஆய்வு செய்தால், குந்துதலும் ஆய்விலிருந்து மறைந்துவிடும்.

இவ்வினாநிரல்களுள் சிலவற்றுக்குத் தமிழ் வடிவங்கள் உள்ளன. எனினும் மொழிபெயர்ப்பினால் மட்டும் வினாவின் உள்ளடக்கம் மாறிவிடாது. ‘குளியல் தொட்டி’ எனத் தமிழில் கேட்டாலும் நோயாளரின் வீட்டில் தொட்டி இல்லை. தமிழிலோ சம்மணமிடுதல், குந்துதல், குத்துக்காலிடுதல், மண்டியிடுதல், கால்நீட்டி அமர்தல் என அமர்வு நிலைகள் தனித்தனிச் சொற்களால் வேறுபடுத்தப்படுகின்றன. நாற்காலியில் அமர முழங்கால் ஏறத்தாழ 90 பாகை மடங்கினால் போதும். ஆழக் குந்துவதற்கு 110 பாகைக்கு மேல் மடங்க வேண்டும். ஆகவே இச்சொற்களின் வேறுபாடு மூட்டு இயக்கத்தின் வேறுபாடும் ஆகும். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலை மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்து மருத்துவம் கற்பித்தார். அம்முயற்சி அறிவை நம் மொழிக்குக் கொண்டுவந்தது. நம் மொழியில் உள்ள வேறுபாடுகளை ஆய்வின் அளவுகோலுக்குள் கொண்டு செல்வது அதன் அடுத்த படி.

கங்கா மதிப்பெண்: சிறப்பும் வரம்பும்

கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் ச. இராஜசேகரனும் அவர்தம் குழுவினரும் 2006இல் வெளியிட்ட திறந்த காய மதிப்பெண் முறை, கீழ்க்கால் எலும்பின் 109 திறந்த முறிவுகளை ஆராய்ந்து உருவானது. தோலும் அதன் அடியிலுள்ள உறையும், எலும்பும் மூட்டும், தசை நரம்புகள் ஆகிய மூன்றும் தனித்தனியே மதிப்பிடப்படுகின்றன. உடன் நிற்கும் இடர்கள் ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண் கூடும். மொத்தம் 14 அல்லது அதற்குக் குறைவாயின் காலைக் காக்கலாம், 17 அல்லது அதற்கு மேலாயின் அகற்றுதல் பொருந்தும், இடைப்பட்டவை ஐயநிலை.

கழிவுநீர் அல்லது தொழுவ மண் கலந்த காயம், காயத்தைத் துப்புரவாக்க 12 மணிநேரத்துக்கு மேற்பட்ட தாமதம் ஆகியவை இடர்களாக ஏற்கப்பட்டிருப்பது இம்முறையின் தனிச்சிறப்பு. நம் நாட்டுச் சாலையும் வயலும் அளவுகோலுக்குள் நுழைந்த இடம் இது.

எனினும் இதற்கும் ஒரு வரம்பு உண்டு. ஒரே வகைக் காயமுற்ற இருவருள் ஒருவர் எலும்பு, ஒட்டுறுப்பு அறுவை வல்லுநர்கள் ஒருங்கே உள்ள மையத்தை உடனே அடைகிறார். அவரது மதிப்பெண் 14. மற்றவர் சிற்றூரிலிருந்து கடலூருக்கும் அங்கிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கும் மாற்றப்பட்டு 12 மணிநேரம் கடந்துவிடுகிறது. அவரது மதிப்பெண் 16. முன்னவர் காக்கத்தக்கவர், பின்னவர் ஐயநிலையில் உள்ளவர். தாமதம் கிருமித்தொற்றுக்கு இடமளிக்கும் என்பதால் கணக்கில் தவறில்லை. ஆனால் அந்த 2 மதிப்பெண், காயத்தின் கொடுமையோடு மருத்துவ வசதியின் தொலைவையும் காட்டுகிறது. இம்மதிப்பெண்ணை வெளியிடும் ஆய்வுகள் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதே நேர்மை. இல்லையெனில் அமைப்பின் குறை நோயாளரின் உடலில் ஏற்றப்பட்டுவிடும். 2021 திசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்: நம்மைக் காக்கும் 48’ திட்டம் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணிநேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. காக்கப்பட்ட கால் உழைக்கும் காலாக மாறுவதற்குத் தேவைப்படும் மாதங்கள் தனியே ஆராயப்பட வேண்டியவை.

மறுப்பும் விளக்கமும்

பொது அளவுகோல் இன்றேல் நாடுகளுக்கிடையே ஒப்பீடு இயலாது என மறுக்கலாம். அது பொருத்தமான மறுப்பே. ஹாரிஸ் முறையையோ வோமாக்கையோ கைவிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம் அன்று. அவற்றின் மொத்த மதிப்பெண்ணோடு, குந்த முடிகிறதா, தரையில் அமர்ந்து எழ முடிகிறதா, பழைய தொழிலுக்குத் திரும்பினாரா, எத்தனை மாதங்களில் திரும்பினார் ஆகிய நான்கு வினாக்களைத் தனி நிரலாகச் சேர்க்கலாம். இதனால் ஒப்பீடு கெடாது, உண்மை கூடும்.

முடிவுரை

அளவுகோல் எதைக் கேட்கிறதோ அதையே ஆய்வு காண்கிறது. ஹாரிஸ், வோமாக், கூஸ் ஆகியவை நாற்காலியையும் காலுறையையும் கேட்கின்றன. தரையை விட்டுவிடுகின்றன, அல்லது விளையாட்டாக்குகின்றன. கங்கா முறை நம் மண்ணின் காயத்தை ஏற்றது. அக்காயத்துக்குப் பிந்தைய வாழ்வை அளக்கும் கருவி இன்னும் அதே உழைப்போடு உருவாக வேண்டும். சிதம்பரத்தில் மருத்துவக் கல்வியும் தமிழாய்வும் அருகருகே வளர்ந்துள்ளன. இரு துறையினரும் இணைந்து வட்டார வழக்கில் வினாநிரல் ஒன்றை உருவாக்கிச் சரிபார்ப்பார்களாயின், நடவுப் பெண்ணின் முழங்காலைப் பற்றி அவரிடமே முறையாகக் கேட்டறிந்த ஆய்வாக அது அமையும்.