குரோலியை எழுதியவர்கள்

அலெய்ஸ்டர் குரோலி 1947 டிசம்பர் 1ஆம் தேதி இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸில் இறந்தார். கடும் கட்டுப்பாடுள்ள பிளிமத் சகோதரர் சபைக் குடும்பத்தில் 1875இல் பிறந்தவர். கவிஞர், மலையேறி, 'தெலிமா' நெறியை நிறுவியவர், பத்திரிகைகளால் உலகின் மகா கொடியவர் என்று தூற்றப்பட்டவர். இப்படிப்பட்ட ஒருவரை எழுதுவதில்தான் வாழ்க்கை வரலாற்றுக் கலையின் தரம் வெளிப்படுகிறது. அதனால்தான் இந்த மலரில் அவரைப் பற்றிய நூல்களை எடுத்துக்கொண்டேன்.

முதலில் வந்தது எதிர்ப்பு மரபு. அதன் தலைநூல் ஜான் சைமண்ட்ஸ் 1951இல் வெளியிட்ட 'தி கிரேட் பீஸ்ட்'. சைமண்ட்ஸ் குரோலியின் இலக்கியப் பொறுப்பாளர். நாட்குறிப்புகளும் கடிதங்களும் அவர் கையில் இருந்தன. அந்தச் செல்வத்தை ஏளனத்தோடு பயன்படுத்தினார். ஆனாலும் அந்த நூலை ஒதுக்க முடியாது. அதைப் பழித்தவர்களும் அது தந்த ஆவணங்களைக் கொண்டே வாதாட வேண்டியிருந்தது.

அதற்கு மறுப்பாக எழுந்தது சீடர் மரபு. ஒரு காலத்தில் குரோலியின் செயலாளராக இருந்து, பின்னர் கசப்போடு பிரிந்த இஸ்ரேல் ரெகார்டி 1970இல் 'தி ஐ இன் தி ட்ரையாங்கிள்' எழுதினார். தன்னை இழிவுபடுத்திய ஆசானுக்காகவே அவர் வழக்காடினார் என்பதை நான் மதிக்கிறேன். குரோலியின் யோகத்தையும் சடங்கையும் உள்ளிருந்து விளக்க அவரால் முடிந்தது. மனிதரின் கொடுமையை எடைபோடும்போது மட்டும் தராசு சாய்கிறது.

மூன்றாவது ஆவண மரபு. லாரன்ஸ் சுட்டினின் நூல் 2000இலும், ரிச்சர்ட் காச்சின்ஸ்கியின் 'பெர்துராபோ' 2002இலும் வந்தன; பின்னது 2010இல் விரிவாக்கப்பட்டது. காச்சின்ஸ்கி தெலிமா அமைப்பைச் சேர்ந்தவர். ஆனாலும் தேதி, கடிதம், நாளிதழ் என்று ஒவ்வொன்றையும் தேடி உழைத்தவர். குரோலி பிரிட்டிஷ் உளவாளி என்று வாதிடும் ரிச்சர்ட் ஸ்பென்ஸின் 2008 நூல் விறுவிறுப்பானது. என் பார்வையில் அதில் சான்றைவிட ஊகம் அதிகம்.

மூன்று மரபுக்கும் பொதுவான ஊற்று ஒன்று உண்டு: குரோலியே சொல்லி எழுதவைத்த தன்வரலாறு. அதன் முதல் இரு தொகுதிகள் 1929இல் அச்சாயின. இகழ்ந்தவர்களும் புகழ்ந்தவர்களும் அவர் சொன்ன கதையையே எடுத்து, தத்தம் வண்ணம் பூசினார்கள். ஆகவே என் உரைகல் வேறு. குரோலியைச் சுற்றியிருந்தவர்களை ஒரு நூல் எப்படி நடத்துகிறது என்பதையே முதலில் பார்ப்பேன்.

1905இல் கஞ்சன்ஜங்கா ஏற்றத்தில் பனிச்சரிவு விழுந்து அலெக்சிஸ் பாஷ் என்ற சுவிட்சர்லாந்துக்காரரும் மூன்று சுமைகூலிகளும் மாண்டார்கள். மேல்முகாமில் இருந்த குரோலி உதவிக்கு இறங்கவில்லை. பாஷுக்குப் பெயர் இருக்கிறது. அந்த மூவரும் பெரும்பாலான நூல்களில் எண்ணிக்கையாகவே நின்றுவிடுகிறார்கள். சிசிலியில் செஃபாலு ஊரில் குரோலி அமைத்த மடத்திலும் உயிர்கள் போயின. 1920இல் அங்கிருந்தபோது அவருடைய கைக்குழந்தை ஒன்று இறந்தது. 1923இல் ராவுல் லவ்டே என்ற இளைஞர் நோயுற்று இறந்தார். அந்த ஆண்டே முசோலினி அரசு குரோலியை வெளியேற்றியது. லவ்டே பூனை ரத்தம் குடித்ததாக அவர் மனைவி சொன்னதைப் பத்திரிகைகள் பரப்பின. அசுத்த நீரால் வந்த குடல்காய்ச்சலே காரணம் என்ற விளக்கம் நம்பத் தகுந்தது. ஆனால் பூனைக் கதையைப் பொய்யென்று காட்டிவிட்டதாலேயே, அந்தச் சுகாதாரமற்ற வீட்டுக்கு இளைஞர்களை வரவழைத்தவரின் பொறுப்பு தீர்ந்துவிடாது. இதை நேராகச் சொல்லும் நூலே நல்ல நூல்.

இறப்புக்குப் பிந்தைய செல்வாக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1967இல் பீட்டில்ஸ் இசைத்தட்டின் அட்டையில் அவர் முகம் இடம்பெற்றது. ஜெரால்டு கார்ட்னரின் 'விக்கா' என்ற நவீன மாந்திரிகச் சமயத்தின் சடங்குகளில் குரோலி எழுத்தின் சாயல் தெளிவாக உண்டு.

நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இலங்கையில் இருக்கிறது. குரோலியின் நண்பர் ஆலன் பென்னட் ஆஸ்துமாவால் அங்கே சென்று, பொன்னம்பலம் இராமநாதனின் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தார்; அவரிடமே யோகமும் கற்றார். 1901இல் குரோலி வந்து சேர, இருவரும் கண்டியில் தங்கி ஆசனமும் பிராணாயாமமும் பயின்றார்கள். பிற்காலத்தில் குரோலி எழுதிய யோக நூல்களுக்கு அங்கேதான் அடித்தளம். சைவ அறிஞரும் சட்ட வல்லுநருமான இராமநாதன் என்ன கற்பித்தார், அதில் எது குரோலி வரை சென்றது என்பதை ஆங்கில நூல்கள் பெரும்பாலும் சில வரிகளில் கடந்துவிடுகின்றன. 'பரானந்தர்' என்ற பெயரில் இராமநாதன் எழுதிய விவிலிய உரைகள் அச்சில் வந்தவையே. அவற்றையும் குரோலியின் யோக எழுத்துகளையும் அருகருகே வைத்துப் படித்து எழுதத் தமிழறிந்த ஆய்வாளர் ஒருவர் முன்வர வேண்டும்.