தேசிங்குராசன் கதையும் வகைமை மாற்றமும்

செஞ்சி வட்டத்தைச் சேர்ந்த முதுகலை மாணவர் ஒருவர், மக்கள் ஊடகங்களில் பாடுபொருளும் வகைமையும் இயைந்து நிற்கும் முறையை ஆராய்ந்து கட்டுரையொன்று வரைந்துள்ளார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் தம் ஊர்க் கதையாகிய தேசிங்குராசன் வரலாறு. சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்ற பெரிய எழுத்துக் கதைப்பாடலில் தொடங்கித் திரைப்படம் வரையில் அக்கதை சென்ற வழியை அவர் தொடர்ந்து காண்கின்றார். ஊடகம் புதிதாகுந்தோறும் பாடுபொருள் நீர்த்துப்போகின்றது என்பது அவர் கண்ட முடிபு. அவர் திரட்டிய செய்திகளை நாம் மகிழ்ந்து ஏற்கின்றோம், முடிபினை ஏற்றற்கில்லை.

முதற்கண் வரலாற்றை நோக்குவோம். 1698-இல் முகலாயர் வசமான செஞ்சி, பின்னர் பந்தேல இராசபுத்திரனாகிய சொரூப்சிங்கின் ஆட்சியில் இருந்தது. அவன் மறைந்தபின் மகன் தேசுசிங்கு பொறுப்பேற்றான். திறை நிலுவை பற்றி ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானோடு பூசல் மூண்டது. 1714 அக்டோபர் 3-ஆம் நாள் நிகழ்ந்த போரில் அவ்விளைஞன் மாண்டான். சி. எசு. சீனிவாசாச்சாரியார் 1943-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வாயிலாக வெளியிட்ட செஞ்சி வரலாற்று நூல், ஆவணச் செய்தியோடு கதைப்பாடலின் செய்தியையும் கருத்திற் கொண்டது. சிவாசி 1677-இல் கைப்பற்றிய கோட்டை என்ற தொடர்பினால் 2025-இல் செஞ்சி உலக மரபுச்சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. ஆயின் அவ்வூர் மக்களின் வாய்மொழியில் கோட்டைக்கு உரியவன் மிகச் சில காலமே ஆண்ட தேசிங்குதான். பாட்டின் ஆற்றல் அத்தகையது.

இக்கதைப்பாடல் வரலாற்றை உள்ளவாறே உரைப்பதன்று. திறை நிலுவை என்னும் கணக்கு வழக்கு அதில் மானப்பூசலாக உருமாறுகின்றது. பகைவரால் வீழ்த்தப்பட்ட மன்னன், பாட்டில் தன் வாளை வானில் வீசி, மார்பில் ஏற்று மடிகின்றான். பாராசாரி என்னும் அடங்காப் பரியை அவன் அடக்கும் பகுதி நீண்டு செல்கின்றது. சிங்கவரத்து அரங்கநாதனோ, போர்க்கு விடைகேட்டு வந்தவனுக்கு இசையாது முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்பர். அக்குடைவரைக் கோயிலில் பள்ளிகொண்ட திருமேனியின் தலை திரும்பிய நிலைக்கு ஊரார் இன்றும் கூறும் காரணம் இதுவே. புறத்திணை கற்றார்க்கு இவையெல்லாம் பழகிய தடங்கள். குதிரைமறம் உண்டு, வஞ்சினம் உண்டு, கணவன் மாய்ந்தபின் மனைவி உடன்மாயும் மூதானந்தமும் உண்டு. பாடியவர் புறத்திணை இலக்கணம் பயின்று பாடினார் என்று நாம் கூறவில்லை. வீரனின் சாவைப் பாடப் புகுந்த தமிழ்வாய்க்கு அத்தடங்கள் எளிதிற் கிட்டின என்பதே நம் கருத்து.

ஆகவே, நீர்த்தல் திரைப்படத்தில் தொடங்கிற்று என்பது பொருந்தாது. கதைப்பாடலே ஒரு மாற்றத்தின் விளைவன்றோ? மாணவர் மேனாட்டு வகைமைக் கொள்கைகளைப் பல பக்கங்களில் எடுத்துரைக்கின்றார். அவற்றை விலக்க வேண்டுவதில்லை. ஆயினும் தொல்காப்பியச் செய்யுளியல் வனப்புக்களுள் ஒன்றாகப் புலன் என்பதை வகுத்து, தெரிந்த மொழியால் அமைந்து, ஆராயாமலே பொருள் விளங்குவது அதன் இயல்பு என்று கூறியதையும் அவர் கருதியிருக்கலாம். உரையாசிரியர் பேராசிரியர் கூத்துக்குரிய நாடகச் செய்யுளையே அதற்குக் காட்டாகக் கொண்டார். புதியன புனைவதற்கு விருந்து என்னும் வனப்பும் அங்கே உளது. எளிமையும் புதுமையும் தம்மளவில் இழுக்கு என்று நம் இலக்கணம் கருதவில்லை. எனவே கேட்கத்தக்க வினா வேறு: புதிய வகைமை எதனை முன்னிறுத்த எதனைப் பின்தள்ளிற்று?

1960-இல் டி. ஆர். இரகுநாத் இயக்கத்தில் வெளிவந்த 'ராஜா தேசிங்கு' படத்தில் இவ்வினாவுக்கு விடை கிடைக்கின்றது. கதைப்பாடலின் உயிர்நிலை நட்பு. தேசிங்கின் தோழன் மகமதுகான் இசுலாமியன். மணக்கோலத்தில் இருந்தவன் போர்ச்செய்தி கேட்டு, மணத்தை விட்டுக் குதிரையேறி வந்து களத்தில் மடிகின்றான். அவன் வந்ததற்கு நட்பன்றி வேறு காரணம் பாட்டில் இல்லை, கேட்போரும் கேட்டதில்லை. படத்திலும் அத்தோழன் உளன், எசு. எசு. இராசேந்திரன் அவனாக நடித்தார். ஆயின் எம். ஜி. இராமச்சந்திரனுக்கு இரட்டை வேடம் அமைந்ததால், தேசிங்குக்குத் தாவூத்கான் என்னும் உடன்பிறப்பு ஒருவன் வேண்டியவனாயினான். தந்தை ஒருவன், தாயர் இருவர், சமயம் இரண்டு. பாட்டில் இரு சமயத்தாரை நட்பு பிணைத்தது. படத்தில் அவ்வேலை பெரும்பாலும் குருதிக்குச் சென்றது. நல்ல நோக்கத்தோடு செய்த மாற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் உறவில்லாதான் உயிர்கொடுத்தான் என்ற செய்தியின் அருமை குறைந்துவிட்டது. இதனை ஊடகத்தின் குறையென்று மாணவர் எழுதுகின்றார். நாம் இரட்டை வேடம் என்னும் வகைமையின் வேட்கை என்போம். தோழனை மட்டும் கொண்டு இதே திரைக்கலை இக்கதையைச் சொல்லியிருக்க இயலாதா என்ன?

கட்டுரையின் மிகச் சிறந்த பகுதி ஓர் அடிக்குறிப்பில் ஒளிந்து கிடக்கின்றது. செஞ்சியை அடுத்த மேலைச்சேரி, துரோபதை வழிபாட்டின் மூலத்தலமாகப் போற்றப்படுவது. ஆல்ஃப் ஹில்டபீட்டல் 1988-இல் வெளியிட்ட பெருநூல் இவ்வட்டாரத்தை நடுவாகக் கொண்டது. துரோபதையம்மன் கோயில்களில் போத்துராசாவோடு முத்தால் இராவுத்தன் என்னும் இசுலாமியக் காவலனும் நிற்கின்றான். இராவுத்தன் என்பது குதிரைவீரனைக் குறிக்கும் சொல். அம்மனுக்குக் காவல் நிற்கும் இசுலாமியப் பரிவீரன் வழிபாட்டில். மன்னனுக்குத் துணை நிற்கும் இசுலாமியப் பரிவீரன் பாட்டில். ஒன்றிலிருந்து ஒன்று தோன்றிற்று என்று துணிய நம்மிடம் சான்றில்லை. ஆயினும் இரண்டும் ஒரே மண்ணில், அடுத்தடுத்த ஊர்களில், ஒரே மக்களிடையே வழங்குகின்றன. கூத்தைக் கண்டு விடியலில் வீடு திரும்பியவர்களே சந்தையில் பெரிய எழுத்துப் புத்தகத்தையும் வாங்கினர். பாடுபொருளை ஊடகவாரியாகப் பிரித்து அடுக்கியமையால் இவ்வொப்புமை அடிக்குறிப்பாயிற்று. பாத்திரவாரியாக அடுக்கியிருப்பின் அதுவே ஓர் இயலாக விரிந்திருக்கும்.

இனி ஒன்று. 2013-இல் எழில் இயக்கிய 'தேசிங்கு ராஜா' ஒரு சிற்றூர் நகைச்சுவைப் படம்; செஞ்சிக்கும் அதற்கும் கதைத்தொடர்பில்லை. ஆராயத்தகாதது என்று ஒரு தொடரில் மாணவர் அதனை ஒதுக்கினார். வீறாப்புக் காட்டுவோனை 'பெரிய தேசிங்குராசா' என்று எள்ளும் பேச்சு வழக்கு நம்மிடையே நெடுநாளாக உண்டு. அவ்வழக்குக்கு இடந்தருவது அப்பெயர். இருபத்திரண்டு அகவையில் மாண்டான் எனப்படும் வீரனின் பெயர் எள்ளற்சொல்லாக வழங்கத் தொடங்கியது எக்காலத்தில், எவ்வகைப் பேச்சில், எந்நாடகத்தில்? அவலம் நகையாக மாறும் இவ்விடமே வகைமை ஆராய்ச்சிக்கு உற்ற இடம். அத்தொடரை நீக்கிவிட்டு, செஞ்சியைச் சுற்றிய ஊர்களில் முதியோர் வாய்ச்சொல்லைத் திரட்டி, அப்பகுதியை மீண்டும் எழுதிவருமாறு மாணவரைக் கேட்டிருக்கின்றோம்.