பொலிகாளை மரபு: மூன்று வழிகள், மூன்று அளவுகோல்கள்

செஞ்சிப் பக்கத்தில் குதிரை என்றதும் தேசிங்கு ராஜனின் பாராசாரிதான் நினைவுக்கு வரும். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்து மாண்ட அவனுடைய கதையில் அந்தக் குதிரைக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து உழவர் குதிரையை நம்பிப் பிழைக்கவில்லை. ஏர் உழுததும், கிணற்றில் கவலை இறைத்ததும், வண்டி இழுத்ததும் எருதுதான்.

ஆங்கிலேயர் ஆட்சியில் தென்னாற்காடு மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, பேர்போன மாவட்டமாயிற்று. திண்டிவனம் புஞ்சைகளில் விளைந்தது வண்டி வண்டியாகப் புதுச்சேரிக்குப் போய், அங்கிருந்து பிரான்சின் மார்சேய் துறைமுகத்துக்குக் கப்பலேறியது. 1879இல் விழுப்புரம் - புதுச்சேரி ரயில் பாதை வந்த பிறகும், களத்திலிருந்து ஸ்டேஷன் வரை மாட்டு வண்டியே கதி. நல்ல எருதுக்கு இருந்த கிராக்கியைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த எருது பிறக்க நல்ல பொலிகாளை வேண்டும். சிக்கல் தொடங்கியது அங்கேதான். திடமான காளைக்கன்றை உழவுக்கும் வண்டிக்கும் முதலில் காயடித்தார்கள். யாரும் கேட்காத சோனிக் கன்று காயடிக்கப்படாமல் மந்தையோடு திரிந்து, ஊர்ப் பசுக்களுக்கெல்லாம் அதுவே பொலிகாளை ஆனது.

இதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் மூன்று வழிகள் இருந்தன. மூன்றுக்கும் தனித்தனி அளவுகோல்.

முதலாவது கோயில் வழி. நேர்ந்துகொண்ட குடும்பம் ஒரு காளைக்கன்றைக் கோயிலுக்கு விட்டுவிடும். அது யாருக்கும் சொந்தமில்லை. எந்தக் கொல்லையிலும் மேயலாம், யாரும் அடிக்கக் கூடாது. இங்கே அளவுகோல் அங்கலட்சணம். தாமணிச் சுழி, கோபுரச் சுழி இருந்தால் ஆகும். பாடைச் சுழி, விலங்குச் சுழி இருந்தால் ஆகாது. திமிலும் கொம்பும் குளம்பும் பழுதில்லாமல் இருக்க வேண்டும். தீவனச் செலவை ஊரே பகிர்ந்துகொள்வது இந்த வழியின் பலம். தாய்ப்பசு எப்படிப்பட்டது என்று கேட்காமல் கன்றை விடுவது இதன் பலவீனம்.

இரண்டாவது பண்ணையார் வழி. இதற்குக் காங்கேயம் மாட்டினத்தை மிஞ்சிய எடுத்துக்காட்டு இல்லை. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் இந்த இனத்தை மேம்படுத்தியவர் என்று கால்நடை நூல்கள் பெயர் சொல்லிப் பாராட்டுகின்றன. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் முள்கிளுவை வேலியும் கொண்ட கொரங்காடுதான் அந்த மாடுகளின் மேய்ச்சல் நிலம். செவலையாகப் பிறக்கும் கன்று ஆறு மாதத்துக்குள் நிறம் மாறத் தொடங்கும். காளையாக வளர்ந்தால் திமிலும் முன்னங்காலின் மேற்பகுதியும் பின்தொடையும் கருத்து நிற்கும். பொலிகாளையைக் கொங்கு உழவர் பூச்சிக்காளை என்பார்கள். கருமை இறங்காத காளையைத் தேர்ந்த கண் உடனே ஒதுக்கிவிடும். தாய் எது, தாயின் தாய் எது என்று தலைமுறைக் கணக்குச் சொல்ல ஒரு குடும்பம் இருந்ததே இந்த வழியின் சிறப்பு.

மூன்றாவது சர்க்கார் வழி. இதுவும் குதிரையில் தொடங்கியதுதான். கும்பினிப் படைக்குக் குதிரை வளர்க்க 1824இல் ஓசூர் மத்திகிரியில் பண்ணை அமைந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வேலர் குதிரைகள் கப்பல் கப்பலாகச் சென்னைக்கு வந்ததும் படைத் தேவைக்காகவே. சரியாக நூறு ஆண்டு கழித்து, 1924இல், அதே ஓசூர்ப் பண்ணை மாடுகளுக்கானது. அங்கே பதிவேடு அளவுகோலாயிற்று: தாயின் பால் அளவு, தந்தையின் இனம், நோயின்மை. லின்லித்கோ தலைமையிலான வேளாண் கமிஷன் 1928இல் கால்நடை மேம்பாட்டை வலியுறுத்தியது. அவரே 1936இல் வைஸ்ராயாக வந்து, வசதியுள்ளவர்கள் பொலிகாளைகளைத் தானமாகத் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1940இல் சென்னை மாகாணக் கால்நடை அபிவிருத்திச் சட்டம் வந்தது. தரமற்ற காளைகளைக் காயடிக்க அது வழிசெய்தது. அதற்கு முந்திய ஆண்டே மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் செயற்கைக் கருவூட்டல் தொடங்கிவிட்டது. காளை ஊருக்கு வராமலே அதன் வித்து வரும் காலம் பிறந்தது.

இன்று சினை ஊசி இல்லாத ஊர் அரிது. ஜெர்சிக் கலப்பால் பால் பெருகியது. டிராக்டர் வந்ததால் எருதுக்கு வேலை குறைந்தது. தமிழ்நாட்டில் காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், ஆலம்பாடி, புலிக்குளம் ஆகிய ஐந்து நாட்டு மாட்டினங்கள் பெயர்பெற்றவை. ஐந்தும் பேணி வளர்க்க ஆளிருந்த வட்டாரங்களைச் சேர்ந்தவை. அந்தப் பட்டியலில் விழுப்புரம் மாவட்டத்து இனம் எதுவும் இல்லை.

இத்தனைக்கும் விதையின் அருமை தெரிந்த மண் இது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 மல்லாட்டை ரகங்களின் பெயரிலேயே ஊர் இருக்கிறது. விதை மல்லாட்டையைத் தனியே பொறுக்கி வைக்கும் உழவர், காளைக்கன்றையும் அப்படித்தான் பொறுக்க வேண்டும்.

மூன்று வழிகளில் மேலானது எது? தலைமுறைக் கணக்கு வைத்திருந்த பண்ணையார் வழிதான். ஆனால் எல்லா ஊரிலும் பட்டக்காரர் இருக்க முடியாது. கோயில் இருக்கிறது, கால்நடை மருந்தகமும் இருக்கிறது. ஆகவே கோயிலுக்குக் கன்று விடும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். சுழி பாருங்கள், அதோடு தாய்ப்பசுவின் ஈற்றையும் பாலையும் கேட்டு எழுதி வையுங்கள். மருத்துவரிடம் காட்டி, நோயில்லை என்று உறுதியான பிறகே கன்றை விடுங்கள். அது வளர்ந்து பசுக்களோடு சேரத் தொடங்கிய மூன்று ஆண்டு வாக்கில் அதன் மகள்களே பருவத்துக்கு வந்துவிடும். அதற்குள் பக்கத்து ஊர்க் காளையோடு மாற்றிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு நோட்டைக் கோயில் நிர்வாகத்திடமே ஒப்படையுங்கள்.