சீனிக்கு வரியா, வாயுவுக்கு வரியா?

சம்பள நாளின் மாலையில், றக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றின் சந்திக் கடைக்கு, இடுப்புப் படங்கைக்கூட அவிழ்க்காமல் கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு வந்திருந்த தாயொருத்தியின் பக்கத்தில் நின்ற சிறுமி, கடைக்காரர் எடுத்து நீட்டிய சோடாப் போத்தலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சிவப்பு வட்டம் வேணாம்மா, டீச்சர் கூடாதுன்னாங்க" என்றதை அருகில் நின்று கேட்டேன். தாய்க்கு எழுத்து வாசனை அதிகமில்லை; நிறத்தை அறிய எழுத்து எதற்கு? சிவப்புப் போத்தல் தட்டுக்குத் திரும்பிற்று. மஞ்சள் போத்தல் கைக்கு வந்தது.

அந்த வட்டம் 2016 ஆகஸ்டு முதலாம் திகதி முதல் இலங்கையில் கட்டாயமாயிற்று. 100 மில்லிலீற்றர் பானத்தில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 கிராமிலிருந்து 11 கிராம் வரை மஞ்சள். அதற்குக் கீழே பச்சை. மறு ஆண்டு நவம்பரில், வரவுசெலவுத் திட்டத்தை முன்வைத்த நிதியமைச்சர் மங்கள சமரவீர, பானத்திலுள்ள சீனியின் ஒவ்வொரு கிராமுக்கும் 50 சதம் வரி விதித்தார். 400 மில்லிலீற்றர் போத்தலொன்றில் 44 கிராம் சீனி இருக்குமாயின் 22 ரூபாய் வரி. வளர்ந்தவர்க்கே நாளொன்றுக்கு 25 கிராம் அளவில் நிறுத்திக்கொள்வது உத்தமம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருக்க, ஒரு போத்தலே அவ்வெல்லையைத் தாண்டிவிடுகிறது. வியாபாரி சீனியைக் குறைத்தால் வரியும் குறையும் என்பதே இவ்வேற்பாட்டின் விசேஷம்.

பாரத தேசத்தின் வழி வேறு. அங்கே 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி அமுலுக்கு வந்தபோது, வாயு ஏற்றிய பானங்களுக்கு 28 சதவீத வரியும் 12 சதவீத மேல்வரியுமாக 40 சதவீதம் விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் மேல்வரி மறைந்து, 40 சதவீதமே நேர்வரியாயிற்று. தொகை பெரிதுதான், ஆனால் அது விலையை அளக்கிறதேயன்றிச் சீனியை அளக்கவில்லை. சீனியே இல்லாத வாயுப் பானத்துக்கும், சீனி நிறைந்த வாயுப் பானத்துக்கும் ஒரே விகிதம். அதே வேளையில், சீனி கலந்து அடைக்கப்படும் மாம்பழப் பானம், பழம் கலந்தது, வாயு இல்லை என்ற காரணத்தால், 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது. பிள்ளையின் உடம்பு வாயுவையும் பழத்தையும் பார்த்தா சீனியை ஏற்கிறது? ஆயினும் ஒரு காரியத்தில் பாரதம் நமக்கு முன்மாதிரி: கொழுப்பும் உப்பும் சீனியும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்கூடத்துக்குள்ளும் அதன் வாயிலிலிருந்து 50 மீற்றர் எல்லைக்குள்ளும் விற்கலாகாது என்று 2020இல் விதி செய்தது.

நமது முறை நியாயமானது என்பது என் அபிப்பிராயம். அதில் நாம் உறுதியாய் நிற்கவில்லை என்பதே என் மனக்குறை. பானத்தின் வரி விதிக்கப்பட்ட மறு ஆண்டே குறைக்கப்பட்டது. 2020 அக்டோபரிலோ, இறக்குமதிச் சீனியின் விசேட வரி கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாக வீழ்ந்து, மூன்றாண்டுகள் கழித்து 2023 நவம்பரிலேதான் பழைய 50 ரூபாய்க்கு ஏறிற்று. போத்தலில் கரைந்த சீனியைக் கிராம் கிராமாக நிறுத்த அதே நாடு, மூட்டையில் வந்த சீனிக்குக் கதவைத் திறந்துவிட்டது! தமிழ்நாட்டிலோ, மாறாக, 2017 நவம்பரில் நியாயவிலைக் கடைச் சர்க்கரை கிலோ 13 ரூபாய் 50 காசிலிருந்து 25 ரூபாயாயிற்று. அதுவும் மத்திய அரசின் மானியம் நின்றதனாலேயன்றி, சுகாதாரத்தை உத்தேசித்தன்று.

இது தோட்டத் தொழிலாளரின் லயத்துக்கு நெருக்கமான விஷயம். கித்துள் கருப்பட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு வெறுஞ்சாயத்தை அருந்திய கிழவிகளின் வழக்கம் மங்கி, கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி கரைப்பது எங்கள் சப்பிரகமுவத் தோட்டங்களில் வழக்கமாகிவிட்டது. காலைப் பட்டினியை அந்தத் தேத்தண்ணீரே ஆற்றுகிறது. அந்தக் கோப்பைக்கு வட்டமும் இல்லை, வரியும் இல்லை. பெண்களுக்கு வயிறாரச் சாப்பிடும் கூலி கிடைத்தாலன்றி, அந்த மூன்று கரண்டியைக் குறைக்கும்படி அவர்களிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

கடையைவிட்டு இறங்குகையில் சிறுமி தன் போத்தலை என்னிடம் பெருமையாகக் காட்டினாள். மஞ்சள் வட்டத்தின் நடுவே 10 கிராம் என்றிருந்தது. சிவப்புக்கு ஒரே படி கீழே. மூன்று கிராம் பானமும் அதே மஞ்சளைத்தான் அணிந்திருக்கும். அவ்விரண்டையும் விலையில் பிரித்துக் காட்டக்கூடியது கிராமுக்கு இத்தனை சதம் என்ற அந்த வரி ஒன்றே.